குழந்தைக்கு நடன வகுப்பு: எதைப் பார்த்துச் சேர்க்கிறீர்கள்?

முல்லைக்கொடி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு ஐந்து வயது முடியப் போகிறது. பாட்டுச் சத்தம் கேட்டால் போதும், கையும் காலும் தானாக ஆட ஆரம்பித்துவிடும். ஆனால் புது ஆட்களைக் கண்டால் என் பின்னால் ஒளிந்துகொள்வாள். யாராவது குரலை உயர்த்தினால் முகம் சுருங்கிவிடும், அன்று முழுக்க அதே நினைப்பாக இருப்பாள்.

நடன வகுப்பில் சேர்க்கலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறோம். போன இடமெல்லாம் சுவர் நிறையக் கோப்பைகள், மேடைப் படங்கள். வகுப்பு எப்படி நடக்கும் என்று கேட்டால் "ஆண்டு விழாவுக்கு வந்து பாருங்கள்" என்கிறார்கள். மேடை ஏறுவதைப் பற்றி இப்போதைக்கு நாங்கள் நினைக்கவே இல்லை. ஆட்டத்தின் மேல் இவளுக்கு இருக்கும் ஆசை கெடாமல், பயமில்லாமல் கற்றுக்கொண்டால் போதும். நேரில் போகும்போது எதைக் கேட்பது, எதைக் கவனிப்பது? பரதமா பாலேயா என்பதுகூட இன்னும் முடிவாகவில்லை.

தாளக்கட்டு

முல்லைக்கொடி, சின்னக் குழந்தைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு விழாவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேடையில் நீங்கள் பார்ப்பது மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த ஒரே ஒரு பாட்டு. சாதாரண நாளில் ஒரு முழு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். நன்றாக ஆடும் குழந்தையின் மேல் கண்ணை வைக்காதீர்கள், அது யாரிடம் போனாலும் ஆடும். ஆட வராத குழந்தை, அழுகிற குழந்தை, சுவரில் சாய்ந்து நின்றுவிட்ட குழந்தை, இவர்களில் ஒருவரை மட்டும் வகுப்பு முடியும்வரை கவனியுங்கள். ஆசிரியரின் பார்வை அந்தப் பக்கம் போகிறதா, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, எந்தக் குரலில் கூப்பிடுகிறார் என்று பாருங்கள். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

நான் உதவியாளராக இருந்த காலத்தில் ஒரு மூத்த ஆசிரியையின் வகுப்பில் நடந்தது இது. ஒரு பையன் நடுவில் தரையில் மல்லாந்து படுத்துவிட்டான். அந்த அம்மா எழுந்திரு என்று சொல்லவில்லை. தானும் பக்கத்தில் படுத்து, "சரி, எல்லாரும் படுங்க. இப்போ குதிகால் மட்டும் தாளம் போடட்டும்" என்றார். அந்தப் பாட்டு முழுக்கப் பிள்ளைகள் படுத்தபடியே தாளம் போட்டார்கள். அடுத்த பாட்டுக்கு எழுந்தபோது அவனும் எழுந்துவிட்டான். இப்படிப்பட்டவரிடம் கூச்ச சுபாவமுள்ள குழந்தையை நம்பி விடலாம்.

இன்னொன்று, ஆசிரியருக்கு அந்த வயது தெரிந்திருக்க வேண்டும். ஒற்றைக் காலில் துள்ளுவது நான்கு வயதுவாக்கில் வரும். கால் மாற்றி மாற்றித் துள்ளி ஓடுவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு வயதில்தான் கைகூடும். தன் உடம்பில் எது இடம், எது வலம் என்பது தடுமாறாமல் நிலைப்பது ஆறு, ஏழு வயதில். ஐந்து வயதுப் பிள்ளையிடம் "வலது கைன்னு சொன்னேனே" என்று எரிந்து விழுபவருக்கு இது தெரியவில்லை. தெரிந்தவர் பிள்ளைகளுக்கு எதிரே நின்று தன் இடக்கையைத் தூக்குவார், அதைப் பார்த்து அவர்கள் வலக்கையைத் தூக்குவார்கள். இடம் வலம் என்ற பேச்சே வராது.

மூன்று, நான்கு வயதுக்கு அரை மணி நேரம் போதும். உங்கள் மகள் வயதுக்கு முக்கால் மணி நேரம். இந்த வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வைக்கும் இடம் எனக்குச் சரியாகப் படவில்லை.

பரதமா பாலேயா என்ற கேள்வியை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். தாளத்தைக் காதால் பிடிப்பது, இடத்தைப் பயன்படுத்தி நகர்வது, சொன்னதும் நிற்பது, பக்கத்துப் பிள்ளை மேல் மோதாமல் ஆடுவது. ஆறு வயதுக்குள் எந்த நடனமாக இருந்தாலும் கற்க வேண்டியது இதுதான்.

இரட்டையர் அப்பா

எங்கள் வீட்டில் இரட்டையர்கள், ஒரு பையன், ஒரு பெண். ஆட ஆசைப்பட்டது பையன்தான். ஒரு வகுப்பில் விசாரித்தபோது, "பெண் பிள்ளைகள் ஆடட்டும், இவன் பின்னால் கொடி பிடித்து நிற்கட்டும்" என்றார்கள். அவன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது போகும் இடத்தில் யாருக்கு எந்த அசைவு என்ற பேதமில்லை, எல்லோரும் எல்லாம் ஆடுகிறார்கள். பையனுக்கு இடம் பார்ப்பவர்கள் முதல் நாளே இதைக் கேட்டுவிடுங்கள்.

மகள் கொஞ்ச நாள் போனாள், பிடிக்கவில்லை என்றாள், நிறுத்திவிட்டோம். "இடையில் நிற்கலாமா, மீதிப் பணம் திரும்ப வருமா" என்று சேரும்போதே எழுத்தில் கேட்டு வைத்திருந்ததால் சண்டை சச்சரவு இல்லாமல் முடிந்தது. உடைச் செலவு, விழாக் கட்டணம், போட்டிக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். மாதக் கட்டணத்தை மட்டும் சொல்லிச் சேர்த்துக்கொண்டு, விழா நெருங்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவார்கள்.

கற்பகவல்லி

மன்னிக்கவும், நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எல்லோரும் பாசம், பயமின்மை என்று எழுதுகிறீர்கள். நான் கண்டிப்பான ஆசிரியரிடம் கற்றவள். அரைமண்டி, அதாவது முட்டியை வெளியே திருப்பி மடக்கிப் பாதி உட்காரும் நிலை, ஒழுங்காக வராவிட்டால் அடுத்த அடவு (பரதத்தின் அடிப்படை அசைவு) கிடையாது. அந்த ஒழுங்கு இன்றும் என் உடம்பில் இருக்கிறது. பிள்ளைகள் சும்மா குதித்து விளையாடத் திடல் போதுமே, எதற்கு வகுப்பு? என்ன செய்தாலும் "சூப்பர், சூப்பர்" என்று கைதட்டும் இடத்தில் பிள்ளைக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

தாளக்கட்டு

கற்பகவல்லி அக்கா, நீங்கள் சொல்வதில் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். அடவு சரியாக வரும்வரை அடுத்ததற்குப் போகாமல் இருப்பது நல்ல ஆசிரியரின் அடையாளம். பிள்ளைகளும் அதை விரும்புவார்கள். எது வந்தால் அடுத்தது கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் அவர்களுக்குத் தெம்பு வரும். நான் மறுப்பது வேறு. "உன்னால்தான் எல்லாருக்கும் லேட்", "உன் தங்கச்சிகூட உன்னைவிட நல்லா ஆடுறா", "வயித்தை உள்ளே இழு, மேடையில அசிங்கமா இருக்கும்". இவை எதுவும் அரைமண்டியைச் சரி செய்யாது. "முட்டியை இன்னும் கொஞ்சம் வெளியே திருப்பு" என்று சொன்னால் சரியாகும். உடம்பைப் பற்றிய கேலி ஐந்து வயதில் காதில் விழுந்தாலும் பதினைந்து வயதில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வந்து நிற்கும். ஒல்லியாக இருந்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில் வளரும் நடனக் கலைஞர்களிடம் உணவுக் கோளாறுகள் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகின்றன. அது மருத்துவர்கள் அறிந்த விஷயம்.

திருத்தம் சொன்ன அடுத்த நொடியில் பிள்ளை என்ன செய்கிறது என்று பாருங்கள். உடனே மறுபடி செய்து பார்த்தால் திருத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது. கண் வாசல் பக்கம், அம்மா பக்கம் ஓடினால் பயம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வெறும் "சூப்பர்" பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. "போன தடவை தடுமாறினாய், இப்போது கடைசிவரை நின்றாய்" என்று நடந்ததைச் சொல்லிப் பாராட்ட வேண்டும்.

மூட்டுக்காவலன்

நான் பிசியோதெரபிஸ்ட். தரையைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் குருத்தெலும்பால் ஆன வளர்ச்சித் தட்டு உண்டு. மற்ற எலும்பைவிட அது மென்மையானது. கெட்டித் தரையில் திரும்பத் திரும்பக் குதித்தால் குதிகாலிலும் முட்டிக்குக் கீழேயும் வலி வரும். எட்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் இது சகஜமாகப் பார்க்கிற வலி. ஓய்வு கொடுத்து, குதிப்பதைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். "வலிக்குது" என்ற பிள்ளையைச் "சும்மா சொல்லாதே, ஆடு" என்று விரட்டினால் அடங்காது.

நல்ல நடனக்கூடத்தில் பலகையைக் கான்கிரீட்டின் மேல் நேராக ஒட்டியிருக்க மாட்டார்கள். அடியில் மரச்சட்டமோ ரப்பர் கட்டைகளோ கொடுத்து, தரை லேசாக அமுங்கிக் கொடுக்கும்படி அமைத்திருப்பார்கள். சில இடங்களில் கான்கிரீட்டின் மேல் மெல்லிய வினைல் விரிப்பை ஒட்டிவிட்டு நடனத் தரை என்பார்கள். வினைல் கால் வழுக்காமல் இருக்க உதவும், அதிர்வைத் தாங்காது. சோதித்துப் பார்ப்பது சுலபம். கூடத்தின் நடுவில் நீங்கள் நின்றுகொண்டு, பக்கத்தில் ஒருவரைக் குதிக்கச் சொல்லுங்கள். அமுங்கும் தரையானால் உங்கள் பாதத்துக்கு அந்த அசைவு வந்து சேரும். கான்கிரீட் என்றால் சத்தம் மட்டும்தான் வரும்.

அடுத்தது வளைத்தல். பிள்ளை காலை அகட்டி உட்கார்ந்திருக்க, ஆசிரியர் முதுகில் சாய்ந்து அழுத்துவது, முட்டியை மிதித்துத் தரையோடு சேர்ப்பது, இதையெல்லாம் பார்த்தால் யோசிக்காமல் வேறு இடம் தேடுங்கள். உடம்பு சூடேறிய பிறகு, பிள்ளை தானே போகிற அளவுக்குத்தான் வளைய வேண்டும். பாலேயில் பாதத்தை வெளிப்பக்கம் திருப்புவார்கள், பரதத்தில் அரைமண்டி. இரண்டிலும் அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். முட்டி கால்விரல்களுக்கு நேர் மேலே நிற்கிறதா என்று பாருங்கள். பாதம் வெளியேயும் முட்டி உள்ளேயும் இருந்தால் பாரம் முட்டியின் உள்பக்கம் விழும். ஆசிரியர் அதைக் கவனித்துத் திருத்துகிறாரா, பாதம் திரும்பினால் போதும் என்று விடுகிறாரா என்று கவனியுங்கள். பாலேயில் விரல்நுனியில் நிற்கும் கெட்டிக் காலணி பொதுவாக 11, 12 வயதுக்கு முன் கொடுப்பதில்லை. அதற்கும் சில வருடப் பயிற்சி வேண்டும், கணுக்காலில் வலு வேண்டும். ஏழு வயதிலேயே அதை மாட்டிப் படம் எடுத்துப் போடும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மளமளவென்று உயரம் கூடும் மாதங்களில் எலும்பு முதலில் நீளும், தசை பின்னால்தான் வந்து சேரும். நேற்றுவரை வளைந்த உடம்பு இன்று விறைப்பாக இருக்கும், சமநிலையும் தடுமாறும். "நீ வீட்டில் பயிற்சி செய்வதில்லை" என்று அப்போது திட்டு வாங்கும் பிள்ளைகள் நிறையப் பேர். பாவம், அவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை.

மழைச்சாரல்

என் மகனுக்கு ஆட்டிசம். சத்தம் தாங்காது. ஆனால் சுழல்வதும் தாளமும் அவனுக்கு உயிர். முதலில் போன இடத்தில் ஒலிபெருக்கி அலறியது, காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்துவிட்டான். சத்தத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டதற்கு, மற்ற பிள்ளைகளுக்கு உற்சாகம் போய்விடும் என்றார்கள்.

இப்போது இருக்கும் இடத்தில் ஆசிரியை முதல் நாளே வாசலுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, "இது உன் இடம். எப்போ வேணும்னாலும் இங்க வந்து நிக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். வகுப்பில் அடுத்தடுத்து என்ன வரும் என்பதைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறார். முடிந்த படத்தின் மேல் பிள்ளைகளே ஒரு கோடு போடுவார்கள். அவனுக்காகத்தான் செய்தார், ஆனால் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவுகிறது. அந்த வட்டத்துக்கு இப்போது அவன் அதிகம் போவதில்லை.

முல்லைக்கொடி, உங்கள் மகளைப் பற்றி எழுதியதை அப்படியே ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் போகப் போகச் சரியாயிடும்" என்று கடந்துவிடுகிறாரா, "எந்த மாதிரி நேரத்தில் அழுவாள், எது சொன்னால் சமாதானமாவாள்" என்று திருப்பிக் கேட்கிறாரா என்று பாருங்கள். திருப்பிக் கேட்பவரை நான் நம்புவேன்.

சத்தம் பற்றி ஒன்று: ஒரு கை நீளத் தொலைவில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த ஒலி எல்லாப் பிள்ளைகளின் காதுக்கும் அதிகம்தான்.

வாசல்படி

பாதுகாப்பைப் பற்றி நேரடியாக எழுதுகிறேன். பல நாடுகளில் நடன வகுப்பு தொடங்க எந்த உரிமமும் வேண்டியதில்லை. நாளைக்கே யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். அதனால் விசாரிக்க வேண்டியது நம் பொறுப்பு.

கதவில் கண்ணாடி இருக்கிறதா, வெளியிலிருந்து உள்ளே பார்க்க முடிகிறதா? ஆசிரியரைத் தவிர இன்னொரு பெரியவர் இருக்கிறாரா? கழிவறைக்கு யார் அழைத்துப் போகிறார்? வகுப்பு முடிந்ததும் யாரிடம் பிள்ளையை ஒப்படைப்பார்கள், அதற்குப் பெயர்ப் பட்டியல் உண்டா? உடை மாற்றும் இடத்தில் கைபேசிக்குத் தடை உண்டா? பிள்ளைகளின் படத்தை இணையத்தில் போடுமுன் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குகிறார்களா? அடிபட்டால் முதலுதவி தெரிந்தவர் இருக்கிறாரா? இவற்றைக் கேட்டதும் முகம் சுளிக்கும் இடத்தில் சேர்க்காதீர்கள். நல்ல இடங்களில் கேட்குமுன்பே சொல்லிவிடுவார்கள்.

உடம்பைத் தொட்டுத் திருத்துவது நடனத்தில் வழக்கம்தான். "தோளைத் தொடட்டுமா?" என்று ஐந்து வயதுப் பிள்ளையிடமும் கேட்டுவிட்டுத் தொடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்று சொன்னால் கேட்பார்கள் என்பதைப் பிள்ளை அங்கேயே கற்றுக்கொள்ளும். பெற்றோர் ஒருபோதும் உள்ளே வரவே கூடாது என்று சொல்லும் இடம் எனக்கு ஒத்துவராது.

இரட்டையர் அப்பா

சான்றிதழ்களை எவ்வளவு நம்புவது? ஒரு இடத்தில் சுவர் முழுக்கச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

தாளக்கட்டு

எந்தச் சான்றிதழ் என்று பார்க்க வேண்டும். பாலேயில் ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் 1920 முதல் இருக்கும் அமைப்பு. ஆசிரியர்களுக்கென்றே தனிப் பயிற்சி கொடுக்கிறது, மாணவர்களுக்குப் படிப்படியான பாடத்திட்டமும் தேர்வுகளும் வைத்திருக்கிறது. பரதத்தில் 1936-இல் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கிய கலாக்ஷேத்ரா போன்ற இடங்களில் வருடக்கணக்கில் முழுநேரமாகப் படித்து வந்தவர்கள் இருக்கிறார்கள். யாரிடம், எத்தனை வருடம் என்று கேளுங்கள், தாராளமாகச் சொல்வார்கள். ஆனால் ஒருவருக்கு ஆடத் தெரியும் என்பதற்குத்தான் அதில் பெரும்பாலானவை சாட்சி. அருமையாக ஆடுபவர் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் திணறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். சிறு குழந்தைகளுக்கு எவ்வளவு காலமாகச் சொல்லிக்கொடுக்கிறார் என்று தனியாகக் கேளுங்கள். பெரிய வகுப்பைக் குருவே எடுத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகளை நேற்று அரங்கேறிய மாணவியிடம் விட்டுவிடும் இடங்களும் உண்டு. உங்கள் குழந்தைக்கு நிஜமாக யார் எடுக்கப் போகிறார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

விழாப் பாட்டுக்கு எத்தனை வாரம் போகிறது என்பதும் முக்கியம். ஒரே பாட்டை மாதக்கணக்கில் அரைத்தால் பிள்ளைக்கு அந்தப் பாட்டு வரும், நடனம் வராது. முன்வரிசையில் எப்போதும் அதே பிள்ளைகள்தானா, வரிசை மாறுகிறதா என்று பாருங்கள். நான் ஒவ்வொரு பாட்டுக்கும் வரிசையை மாற்றிவிடுவேன்.

முல்லைக்கொடி

எல்லோருக்கும் நன்றி. இரண்டு இடங்களில் வகுப்பைப் பார்த்துவிட்டேன்.

முதல் இடத்தில் பெரிய கூடம், அருமையான மரத்தரை, குதித்தும் பார்த்தோம். ஆசிரியை நல்லவர்தான். ஆனால் ஒருவர்தான், இருபதுக்கும் மேல் பிள்ளைகள். பின்வரிசையில் ஒரு குழந்தைக்குக் காலணி வார் அவிழ்ந்துவிட்டது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே பாட்டு முடியும்வரை நின்றாள், யாரும் கவனிக்கவில்லை.

இரண்டாவது இடம் வாடகைக் கூடம். தரை கெட்டி, வினைல்கூட இல்லை. பத்துக்கும் குறைவான பிள்ளைகள், ஆசிரியையோடு ஒரு உதவியாளர். மகள் என் மடியை விட்டு இறங்கவில்லை. ஆசிரியை வந்து முழங்காலிட்டு, "பாக்க மட்டும் வந்திருக்கியா? சரி, பாரு. எனக்கு இந்த மணியை மட்டும் வச்சுக்கிறியா? பாட்டு முடிஞ்சதும் அடிக்கணும்" என்றார். கடைசிவரை மணியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டு முடிவிலும் அடித்தாள். அடுத்த முறை போனபோது மணியோடு வரிசையின் ஓரத்தில் போய் நின்றுகொண்டாள். மனசு இரண்டாவது இடத்தைச் சொல்கிறது, தரை பயமுறுத்துகிறது.

மூட்டுக்காவலன்

இரண்டாவது இடமே சரி. ஐந்து வயது, எடை குறைவு, வாரத்தில் முக்கால் மணி நேரம். இந்த அளவுக்கு அந்தத் தரை பெரிய ஆபத்தில்லை. குதிப்பதைக் குறைவாக வைத்துக்கொள்ள முடியுமா, குதித்தால் முட்டியை மடக்கி மெதுவாக இறங்கச் சொல்லித் தருகிறாரா என்று மட்டும் கேளுங்கள். மெத்தை போட்டுக் குதிப்பதும் வேண்டாம், அமுங்கும் மெத்தையில் கணுக்கால் பிசகும். பின்னால் வாரத்துக்கு மூன்று, நான்கு வகுப்பு என்று கூடும்போது தரையைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டும். காலையில் எழுந்ததும் குதிகாலை ஊன்றாமல் நடந்தால் ஓய்வு கொடுத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கற்பகவல்லி

நானும் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஆனால் வருட முடிவில் பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்கும் என்று அந்த ஆசிரியையிடம் கேளுங்கள். தெளிவான பதில் வர வேண்டும். மணி அடிப்பது முதல் மாதத்துக்கு நல்லது, வருடம் முழுக்கப் போதாது.

முல்லைக்கொடி

கேட்டேன் அக்கா. தாளத்துக்குச் சரியாக நடப்பது, நிற்பது, நான்கு அடி நகர்ந்து திரும்புவது, பாதத்தைத் தட்டும் முதல் அடவான தட்டடவின் ஆரம்பம், அதையும் முதலில் ஓசையில்லாமல் மெதுவாகத் தட்டி, என்று வரிசையாகச் சொன்னார். தரையைப் பற்றி நான் கேட்கும் முன்பே அவரே சொன்னார், அதனால்தான் குதிக்கும் பயிற்சி அதிகம் வைப்பதில்லையாம். சேர்த்துவிட்டேன். அழைத்துப் போகும் பட்டியலில் என் அம்மா பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி: ஆரம்பத்தில் நான் உள்ளேயே உட்காரட்டுமா, வெளியே போய்விடட்டுமா?

தாளக்கட்டு

முதல் சில வகுப்புகளுக்கு உள்ளேயே இருங்கள், கதவுக்குப் பக்கத்தில். கைபேசியில் படம் எடுக்காதீர்கள், அவள் ஆடுவதை விட்டுவிட்டு உங்களைப் பார்ப்பாள். வகுப்புக்கு நடுவில் அவளுக்கு எதையும் சொல்லித்தராதீர்கள், அது ஆசிரியையின் வேலை. அவள் உங்களைத் திரும்பிப் பார்ப்பது குறைந்ததும், "நான் வெளியே இந்த நாற்காலியில் இருப்பேன்" என்று இடத்தைக் காட்டி, சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் நழுவிவிடாதீர்கள். சொன்ன நாற்காலியிலேயே வகுப்பு முடியும்வரை இருங்கள்.